ஏணி இழுத்த கொத்தளம்

கூனிமுனைக் கொத்தளத்து மணி, கயிற்றை யாரும் தொடாமலே தானாக அடிக்கத் தொடங்கியது தவக்காலத்து வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு மத்தியானத்தில். கழிமுகத்தோரக் களத்தில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த சலேத்து, யாரோ இறந்துபோனார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கையை உதறிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் சாவுமணி ஒவ்வொன்றாக விழும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆள் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். இது மூச்சுவிட இடம் கொடுக்காமல் அடித்தது. கோயில் முற்றத்துக்கு ஓடிப்போனவர்கள் பார்த்தபோது, கயிறு சுற்றிய சுற்று கலையாமல் சுவர் ஆணியில் தொங்கியது, மணியடிக்க வேண்டிய உபதேசியார் வேப்பமர நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், உச்சியில் மணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அலறவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற சனங்களுக்கு ஒரு பொருள் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்வது புதிதில்லை. அவர்கள் மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஊருக்குள் என்ன வருகிறது என்று பார்த்தார்கள். கழிமுகத்துக்குக் குறுக்கே ஊருக்கு வருகிற தாழ்ந்த சாலையான தாம்போதியின் நடுவில் ஊன்றி நிற்கிற எல்லைக்கல்லைத் தாண்டி மத்தியான பஸ் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பதற்குக் கொத்தளத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கூனிமுனை முத்துக் குளிக்கிற ஊராக இருந்த காலத்தில், பாய்க்கப்பலில் வந்து, முத்தை விட்டுவிட்டு முத்தெடுக்கிறவனைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு கூட்டம் இருந்தது. மூச்சடக்கத் தெரிந்த ஆளுக்கு எந்தத் துறைமுகத்திலும் விலை உண்டு. அவர்களுக்குப் பயந்துதான் இந்தக் கரையை ஆண்ட சின்ன ராசா ஒருவர், கடலில் வெட்டிய பவளக்கல்லையும் சிப்பி சுட்ட சுண்ணாம்பையும் கொண்டு கொத்தளத்தைக் கட்டினார். தரையில் வாசல் கிடையாது. ஆள் தோளில் ஆள் நின்றாலும் எட்டாத உயரத்தில் ஒரே ஒரு வாசல், அதற்கு ஒரு பனைமர ஏணி. பாய் தெரிந்ததும் காவல்காரன் உச்சியில் நின்று கொம்பு ஊதுவான், ஊர் ஓடிவந்து ஏறும், எல்லாரும் ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், வந்தவன் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போவான். இப்படியே பல தலைமுறை போனது. ஒருமுறை மட்டும், ஏறி முடிப்பதற்குள் கொள்ளைக்காரர்கள் கரையேறிவிட்டார்கள். காவல்காரன் ஏணியை இழுத்துவிட்டான். கீழே நின்றவர்கள் சுவரில் கையால் அடித்தார்கள் என்றும், பவளக்கல் அந்தச் சத்தத்தைக் குடித்துக்கொண்டது என்றும் சொல்வார்கள். கீழே நின்ற ஆண் பெண் எல்லாரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள்தான் கதை சொல்வார்கள் என்பதால், அந்தக் காவல்காரன் ஊரைக் காப்பாற்றியவன் ஆனான், அவன் வீட்டுக்குக் கொத்தளத்தார் வீடு என்று பெயர் வந்தது, வருசா வருசம் மாதா திருவிழாவில் முதல் மெழுகுதிரி அந்த வீட்டுக்குத்தான்.

பிறகு பறங்கிக்காரர்கள் வந்து உச்சியில் ஒரு வெண்கலப் பீரங்கியை வைத்தார்கள். கொள்ளைக்காரர்கள் வருவது நின்றது, பீரங்கிக்குள் குருவி கூடு கட்டியது. அதற்கும் பிறகு ஒரு சாமியார் வந்து, பீரங்கியை உருக்கி, அது போதாமல் பெண்கள் கழற்றிக் கொடுத்த தண்டையையும் வீட்டுச் செம்பையும் சேர்த்து உருக்கி ஒரு மணியாக வார்த்து, கொத்தளத்தின் அடியில் தரையோடு தரையாக ஒரு வாசலை இடித்துத் திறந்து, அதை மாதா கோயிலின் மணிக்கூண்டு ஆக்கினார். பூசைக்கு, சாவுக்கு, புயலுக்கு, மீன் ஏலத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஊர் அந்த மணியைத்தான் கேட்டது. கொத்தளம் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. கொத்தளத்தார் வீடும் மாறவில்லை. இப்போது அந்த வீட்டில் இருப்பவர் ஊர்க் கமிட்டித் தலைவர் பவுலீஸ் மொறாயிஸ். சலேத்து அவருடைய ஒரே மகள்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியவன் ஒரே ஒரு ஆள், அயலூரான். எதிர்ப்பட்டவர்களிடம் ஏதோ ஒரு வீட்டைக் கேட்டான். மணிச் சத்தத்தில் அவன் கேட்ட பெயர் யாருக்கும் விளங்கவில்லை. சாயங்காலம் அவன் கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்றுக்குள் படுத்திருந்ததைப் பார்த்து, திருட வந்தவன் என்று அடித்து, தாம்போதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போனபோது மணி அடிக்கவில்லை. அடுத்த மாதம் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளைக்கு மணி அடித்தது. வாசலிலேயே வைத்து அனுப்பினார்கள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று பிற்பாடு பேச்சு வந்தது. பேச்சு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடிப் போகவில்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. கொத்தளத்துக்குத் தன் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது, பகையாளி வந்தால் சொல்கிறது என்று ஊர் முடிவு செய்தது.

பங்குச்சாமி அமலதாஸ் வயதில் சின்னவர், வந்து சேர்ந்து வருசம் ஆகவில்லை. மணியின் நாக்கைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிப் பார்த்தார். அப்படியும் அடித்தது. டவுனிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் மேலே ஏறி இறங்கி, காற்று என்றார். இன்ஜினியருக்கு மணி அடிக்கவில்லை என்பதால் அவரை நல்லவர் என்று ஊர் ஏற்றுக்கொண்டு, சோறு போட்டு, சீலா மீன் கொடுத்து அனுப்பியது. அவர் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. கமிட்டி கூடி, தாம்போதியில் காவல் போட்டது. மணி அடித்தால் வருகிறவன் அங்கேயே நிற்க வேண்டும், உள்ளே விடக்கூடாது. காவலுக்குப் பொறுப்பாக, எஞ்சின் போட் ஓட்டி ஓய்ந்த தொம்மை என்பவரை வைத்தார்கள். தொம்மைக்குப் பெரிய மீசை, பெரிய குரல். சட்டம் என்ற வார்த்தையை அவர் சொல்லும்போது அதுவும் பெரிதாகிவிடும். கொஞ்ச நாளில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மணி அடித்தால் பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தாம்போதிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், யார் என்று தெரிந்ததும் திரும்பப் போய் அடுப்பைக் கூட்டுவார்கள்.

சலேத்துவும் அப்படித்தான் எட்டிப் பார்த்தாள், அன்றைக்குத் தாம்போதியில் பையோடு நின்றது அவள் புருசன் கஸ்பார்.

கஸ்பார் கூனிமுனையில் பிறந்தவன், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவன். மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தில் ஆழ்கடல் போட்டுக்குப் போய் ஒரு பருவம் முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். அவன் எல்லைக்கல்லைத் தாண்டிக் கால் வைத்ததும் கொத்தளம் அதிர்ந்தது. சலேத்து வந்துசேர்வதற்குள் அவளுடைய அப்பாவும் வந்துவிட்டார். மருமகன் மேல் அவருக்கு உயிர். தன் வள்ளத்தை அவனைத் தவிர யாரையும் தொடவிட மாட்டார்.

"அங்கயே நில்லும், கஸ்பார்," என்றார் பவுலீஸ்.

"என்ன மாமா, விளையாடுதீங்களா?"

"மணி அடிக்கு."

"அடிக்கட்டும். போன வருசம் அச்சுக்கு எண்ணெ போட்டது நான்தான. நல்லாத்தான் அடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் ஊர்க்காரர்களின் முகங்களைப் பார்த்தான், தொம்மை குறுக்கே பிடித்திருந்த துடுப்பைப் பார்த்தான், பிறகு ஒரு எட்டு பின்னால் போனான். மணி நின்றது. ஒரு எட்டு முன்னால் வைத்தான். மணி அடித்தது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். மூன்றாவது முறை பின்னால் போனபோது அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. அவன் பையைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"அப்பா, அவரு இந்த ஊருல பொறந்தவரு," என்றாள் சலேத்து.

"தெரியும் மக்களே."

"பொறகு என்ன?"

"பொறந்தவனுக்கு அடிக்காதுன்னு யாரு சொன்னா? இன்னைக்கு எம் மருமவன்னு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மருமவன் வருவான்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "என்னன்னு தெரியுத வரைக்கும் அங்க இருக்கட்டும்."

தாம்போதிக்கு அந்தப் பக்கம் ஒரு மணல்திட்டும், அதன் மேல் உப்பு வைக்கிற பழைய கொட்டகை ஒன்றும் இருந்தன. அதற்கப்பால் கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பளம், கணுக்கால் உயரத்துக்குக்கூட மேடு இல்லாத தரை. கஸ்பார் அந்தக் கொட்டகையில் தங்கினான். போகச் சொன்னதும் போய்விடுகிற ஆள் இல்லை அவன். சலேத்துவின் களத்திலிருந்து பார்த்தால் கழிமுகத்துக்கு அக்கரையில் அவன் அடுப்பு மூட்டுகிற புகை தெரியும். அவள் சோற்றையும் குழம்பையும் தூக்குச்சட்டியில் வைத்து, அலுமினிய அண்டாவில் இறக்கி, கடல் ஏறுகிற நேரத்து ஏற்றத்தண்ணீரில் தள்ளிவிடுவாள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆற்றின் அகலம்தான், ஆனால் காவல் இருந்ததால் சத்தம் போட்டுப் பேசினால் ஊருக்கே கேட்கும் என்று கையால்தான் பேசிக்கொண்டார்கள்.

கஸ்பாருக்கு ஏன் அடித்தது என்று ஊர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. தொம்மைதான் ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கொள்ளைக்காரன் கொண்டுபோன பெண்களில் சிலர் எப்படியோ தப்பி, வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்ததாக ஒரு கதை உண்டு. அந்த ரத்தம் ஊருக்குள் எங்கெல்லாம் ஓடுகிறதோ யாருக்குத் தெரியும், மணிக்குத் தெரிகிறது என்றார் அவர். அதைக் கேட்ட கூட்டம் சும்மா கலைந்துபோனது. ஆனால் வீட்டுக்குப் போன ஒவ்வொருவரும் கண்ணாடியில் தன் மூக்கையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பயம் உண்மையாகவே வந்தது, ஏனென்றால் அதுவரைக்கும் வெளியிலிருந்து வருகிறவனைப் பற்றித்தான் பயம், இப்போது வெளியே போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறதே என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு கிழவருக்கு மணி அடித்தது. காலேஜிலிருந்து லீவுக்கு வந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அடித்தது, இன்னொருத்திக்கு அடிக்கவில்லை. அவர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கொட்டகையில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. ஊருக்குள்ளோ யாரும் வெளியே போகவில்லை. பஸ் காலியாக வந்து காலியாகப் போனது, பிறகு வருவதையே நிறுத்திவிட்டது. ஆண்கள் கொத்தளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் மட்டும் வலை போட்டார்கள், அங்கே மீன் இல்லை. ஐஸ் வரவில்லை. நிச்சயம் ஆன கல்யாணம் ஒன்று நின்றுபோனது. பவுலீஸ் மொறாயிசுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, தாடை வீங்கி, ஒரு பக்கம் முகமே மாறிவிட்டது. துண்டைத் தாடைக்குக் கீழே சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நடமாடினார். டவுனுக்குப் போனால் ஒரு நாழிகையில் பிடுங்கிவிடுவார்கள். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவரிடம் கேட்க ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. தானும் ஏன் போகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த தொம்மையின் மனைவி பிரகாசி, பேறுகாலம் முடிந்து, தாம்போதி வழியாக நடந்தே வந்தாள். அவளுக்கும் அடித்தது. தொம்மை துடுப்பைக் குறுக்கே பிடித்தபடி நின்றார்.

"என்ன பாக்குதீரு? நான்தான்," என்றாள் பிரகாசி.

"தெரியுது."

"பேத்தி பொறந்திருக்கா. உங்க அம்மா சாடை."

தொம்மையின் மீசை நடுங்கியதை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் துடுப்பு கீழே இறங்கவில்லை. பிரகாசி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, கொட்டகையைப் பார்த்து நடந்தாள். அன்றிலிருந்து தொம்மை காவலை விட்டு வீட்டுக்குப் போவதில்லை; அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் கடுமையானார்கள். பெண்டாட்டியையே விடாதவர் இருக்கும்போது யார் யாருக்காகப் பரிந்து பேச முடியும்?

ஐப்பசி பிறந்ததும் வானம் வேறு நிறத்துக்குப் போனது. ரேடியோ புயல் என்றது, எண் சொல்லிக் கொடி ஏற்றச் சொன்னது. சலேத்து அப்பாவிடம் போனாள். அவர் நாற்காலியில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடல் ஏறுனா திட்டு நிக்காது, அப்பா."

"தெரியும்."

"அளத்துப் பக்கம் ஓடவும் முடியாது. அங்க இப்பமே தண்ணி."

"கமிட்டி கூடிப் பேசுவோம்."

"கமிட்டி கூடுதுக்குள்ள தண்ணி வந்துரும்." அவள் நாற்காலிக்கு நேரே வந்து நின்று கேட்டாள். "அன்னைக்கு ஏணிய இழுத்தாரே, நம்ம பாட்டன், அவரு கீழ எட்டிப் பாத்தாராமா?"

பவுலீஸ் நிமிர்ந்து பார்த்தார். வலியில் அவர் கண் சிவந்திருந்தது. "பாத்திருந்தா இழுத்திருக்க முடியுமா?" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சலேத்து நேராகத் தாம்போதிக்குப் போனாள். வெளியே போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை, சட்டத்தில் அது இல்லை. தொம்மை மட்டும், "எம்மா, யோசிச்சுக்கோ. திரும்பி வரும்போது உனக்கும் அடிச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார். அவள் எல்லைக்கல்லைத் தாண்டினாள். மணி பேசாமல் இருந்தது. தாம்போதியின் மறுபாதியில் தண்ணீர் ஏற்கெனவே கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

கொட்டகையில் பிரகாசி காய்ச்சலில் கிடந்தாள். கிழவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கதவுப் பலகையைக் கழற்றித் தெப்பம் கட்ட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் அவளைப் பார்த்ததும் முதலில் கோபப்பட்டான்.

"நீ எதுக்கு வந்த? உள்ள இருந்தா பொழச்சிருப்ப."

"நீங்க இல்லாம பொழச்சு என்ன செய்யச் சொல்லுதீங்க? கருவாடு பொரட்டவா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அப்போது, கொட்டகையில் இருந்த இளவட்டம் ஒருவன் ஆழம் பார்க்கத் தாம்போதி வழியாகப் போய்க் கல்லைத் தாண்டியிருக்க வேண்டும், கொத்தளத்து மணி அடிக்கத் தொடங்கியது. காற்று அதைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவந்தது. சலேத்து விறைத்துப்போனாள். ஊருக்குள் அந்த மணியைக் கேட்டால் யாரோ என்னவோ என்று கால் தானாக ஓடும். இங்கே அது வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

"கேக்குதா?" என்றான் கஸ்பார். "நானும் வந்த புதுசுல நெனச்சேன், வெரட்டுதுன்னு. தெனமும் இங்க இருந்து கேட்டுக் கேட்டுத்தான் வெளங்குச்சு. கொம்பு ஊதினான்னு சொல்லுதாங்கல்லா அந்தக் காலத்துல, எதுக்கு ஊதினான்? கொள்ளக்காரனுக்கா? அவனுக்கு எதுக்குக் கொம்பு, அவன்தான் வந்துக்கிட்டே இருக்கானே. காட்டுலயும் கரையிலயும் நிக்குதானே நம்ம ஆளு, அவனுக்குல்லா ஊதினான். ஓடி வா, ஏறு, ஏணிய இழுக்கப் போறேன்னு."

சலேத்து கேட்டுக்கொண்டு நின்றாள். சாயங்காலம் தெருமுனையில் நின்று பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், வராவிட்டால் அடிப்பேன் என்கிற அவசரத்தோடும் சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்கிற நடுக்கத்தோடும், கொத்தளம் அடித்துக்கொண்டிருந்தது. கீழே விட்டவர்களை அது இத்தனை காலமாக எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் வந்து ஏதோ ஒரு வீட்டைக் கேட்ட அந்த முதல் ஆளையும் நினைத்துக்கொண்டாள். அவன் யார் பெற்ற பிள்ளையோ, எந்த வீட்டைக் கேட்டானோ.

"நடங்க," என்றாள். "எல்லாரும் ஒண்ணாப் போவோம்."

கஸ்பார் பிரகாசியை முதுகில் ஏற்றித் துப்பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். கிழவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். தாம்போதியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கடல் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு அலையும் ஆளைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, மழை முகத்தில் அறைய, அவர்கள் கல்லை நோக்கி வந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றுகொண்டிருந்தது. துடுப்பு, கழி, ஈட்டி என்று ஆளுக்கு ஒன்று கையில் இருந்தது. தொம்மை முன்னால் நின்றார். மணி ஓயாமல் அடித்தது, நாக்கு தெறித்துவிடும் என்கிற மாதிரி அடித்தது.

"அங்கயே நில்லுங்க," என்றார் தொம்மை.

"எங்க நிக்கணும், தொம்மை மாமா? தண்ணியிலயா?" என்றாள் சலேத்து. "உங்க வீட்டுக்காரிக்கு நெனவு இல்ல. பாருங்க."

தொம்மை பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பங்குச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார், யாரோ அவரைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஒரு பெரிய அலை வந்து கிழவரைச் சாய்த்தது, தூக்கி நிறுத்தினார்கள். இன்னும் இப்படி ஒரு அலை வந்தால் போதும், முடிவு செய்ய வேண்டிய வேலையே இருக்காது என்று நினைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து வழி விலகியது. தாடையில் துண்டு கட்டிய பவுலீஸ் மொறாயிஸ் வந்தார். தொம்மையின் பக்கத்தில் வந்து நின்று, எல்லைக்கல்லையும் அதற்கு அப்பால் நின்ற மகளையும் பார்த்தார். எட்டிப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு துடுப்புக்கு அடியில் குனிந்து, கல்லைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கினார்.

"தலைவரே," என்றார் தொம்மை.

பவுலீஸ் திரும்பவில்லை. கஸ்பாரிடம் போய், "ஒரு பக்கம் எங்கிட்டக் குடும் மருமவனே, நீரு தளந்திருக்கீரு," என்றார். பிரகாசியின் ஒரு கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மற்ற பக்கத்தைக் கஸ்பார் பிடித்தான். அவர்கள் திரும்பிக் கல்லைத் தாண்டினார்கள். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. யாருக்கு அடிக்கிறது என்று பிரித்துச் சொல்ல இப்போது யாராலும் முடியாது. தொம்மையின் முகத்துக்கு நேரே பிரகாசியின் முகம் வந்தது, கண் மூடி, உதடு வெளுத்து. துடுப்பு தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போனது. அவர் மனைவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கொத்தளத்துக்கு," என்றார் பவுலீஸ். வீங்கின வாயால் அவர் சொன்னது பாதிதான் விளங்கியது, ஆனால் ஊர் ஓடியது.

கடல் அன்று கோயில் படி வரைக்கும் வந்தது. களத்தையும் கொட்டகையையும் கரையில் கிடந்த வள்ளங்களில் பாதியையும் எடுத்துக்கொண்டது. கொத்தளத்துக்குள், சுற்றிச் சுற்றிப் போகிற படிகளில், உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் ஒருவர் முழங்கால் ஒருவர் முதுகில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இருட்டு அது, அதனால் பலபேர் நிம்மதியாக அழுதார்கள். கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மணி நின்றது. அதற்குப் பிறகு காற்று எவ்வளவு உலுக்கியும் அது ஒரு முறைகூட அசையவில்லை.

தண்ணீர் வடிந்து, சேறு வழித்து, பிரகாசி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகு, மணி விரட்டவில்லை, கூப்பிடுகிறது என்று கஸ்பார் சொன்னது ஊருக்குள் பரவி, ஒரு புது வழக்கம் வந்தது. காவலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, ஏதோ வேலை இருப்பதுபோல், தாம்போதிப் பக்கம் போவார்கள். கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். சிலருக்கு மணி அடித்தது. அவர்கள் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்கள். சிலருக்கு அடிக்கவில்லை; அவர்கள் காரணமில்லாமல் பிள்ளைகளை அதட்டினார்கள். தொம்மைக்கு அடித்தது. அவர் ஒரே நாளில் நாலைந்து முறை போய்வந்து, பிரகாசி வந்து கையைப் பிடித்து இழுத்துப்போன பிறகுதான் ஓய்ந்தார்.

பவுலீஸ் மொறாயிஸ் அப்படிப் போகவில்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும், சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். கல்லுக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். களத்தில் புதுக் கழிகளை நட்டுக்கொண்டிருந்த சலேத்து அவரைப் பார்த்தாள். பஸ் அவரை விட்டுவிட்டு ஊருக்குள் போய், ஆட்களை இறக்கி, திரும்பியும் போய்விட்டது. அவர் தாம்போதியில் தனியாக நின்றார். வாயில் பஞ்சு வைத்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. பிறகு அவர் கல்லைத் தாண்டினார்.

கொத்தளம் பேசாமல் இருந்தது.

அவர் நின்று, உச்சியைப் பார்த்தார். காற்று இல்லை, கடல் சத்தம்கூடக் குறைவாக இருந்தது. திரும்பவும் கல்லுக்கு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு, மறுபடி காலெடுத்து வைத்தார். ஒன்றும் இல்லை. கொத்தளத்தார் வீட்டுப் பவுலீஸ் மொறாயிஸ் கல்லின் மேல் ஒரு கையை ஊன்றி, கொத்தளத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. ஊரில் பலபேர் அதைப் பார்த்தார்கள். அவரிடம் போய் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

சலேத்து கழியைப் போட்டுவிட்டு, களத்தின் ஓரத்துக்கு வந்தாள். கையில் ஒட்டின சேற்றைப் பாவாடையில் துடைத்தாள். இத்தனை காலம் அந்த ஆற்றுக்குக் குறுக்கே கையால் மட்டுமே பேசிப் பழகியவள், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துவைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"அப்பா... வாங்க. கஞ்சி ஆறுது."